மாடல் கட்ட நீர்மூழ்கி பார்க்கப் போவதென்றால் எந்த ஊருக்கு?

ஸ்கேல் மாடல் கட்டுகிறவர்களில் நீர்மூழ்கிப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். பெட்டியின் மேல் இருக்கும் ஓவியத்தையும் இணையத்தில் கிடைத்த படங்களையும் பார்த்துக் கட்டியது போதும், நிஜப் படகை ஒரு முறை சுற்றி வந்துவிட வேண்டும் என்று தோன்றும். நியாயமான ஆசைதான். இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகள் ஒரு டஜனுக்கு மேல் இன்றும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. ஆனால் எல்லாப் படகும் எல்லா கிட்டுக்கும் (பெட்டியில் பாகம் பாகமாக வரும் மாடலுக்கு) உதவாது. விசா, விமான டிக்கெட், விடுதி என்று செலவழித்துப் போய்விட்டு, படகின் முதுகில் நிற்கும் கோபுரம் நம் கிட்டில் உள்ளதாக இல்லாதபோது அதை முந்நூறு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் என்ன லாபம்?

டிக்கெட் போடும் முன் முதலில் பார்க்க வேண்டியது, படகு தரையில் நிற்கிறதா தண்ணீரில் மிதக்கிறதா என்பதை. மிதக்கும் படகின் கீழ்ப்பாதி கண்ணில் படாது. மாடலிலோ அந்தப் பாதிதான் ஸ்டாண்டின் மேல் எல்லோர் கண்ணிலும் படும். அடுத்தது, போருக்குப் பிறகு அந்தப் படகை யார் வைத்திருந்தார்கள், என்னென்ன மாற்றினார்கள் என்பது. கடைசியாக, அது எந்தக் கட்டுதளத்தில், அதாவது எந்தக் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. இந்த மூன்றும் உங்கள் கிட்டோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் பயணத்துக்குப் பயன்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. ஜெர்மன் டைப் 7சி படகின் நீளம் 67 மீட்டர் சொச்சம். 1/350 அளவில் அது 19 செ.மீ.தான், நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் உள்ள பொருள் மாடலில் 0.03 மி.மீ. ஆகிவிடும். அதாவது, பெயின்ட் பூச்சின் தடிமனுக்குள்ளேயே காணாமல் போய்விடும். 1/350 கட்டுகிறவர்கள் நீர்மூழ்கியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகலாம், மாடலுக்காகப் போக வேண்டியதில்லை. நல்ல வரைபடமும் நாலைந்து பழைய புகைப்படங்களும் அவர்களுக்குப் போதும். 1/144-இல் கோபுரத்துக்கும் வால்பக்கத்துக்கும் கொஞ்சம் பயன் உண்டு. 1/72-க்கு வந்தால் கதை மாறுகிறது. ரெவெல்லின் 7சி கட்டி முடித்தால் 93 செ.மீ. நீளம், அதே நிறுவனத்தின் கேட்டோ என்ற அமெரிக்கப் படகு 1.3 மீட்டரைத் தாண்டும். அந்த அளவில் கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது, துளையின் விளிம்பு கூரா மழுக்கலா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ட்ரம்பெட்டரின் 1/48 கிட்டில் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்பக்கமும் தெரியும். அதைக் கட்டுகிறவர்களுக்குப் படகின் வெளியே அரை நாள், உள்ளே அரை நாள் தேவைப்படும்.

லாபோ

எனக்குத் தெரிந்த மாடல்காரர்களில் பெரும்பாலானோர் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பது 7சி-தான். அதனால் ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் வடக்கு ஜெர்மனியின் லாபோ என்றுதான் சொல்வேன். எழுநூறுக்கு மேல் கட்டப்பட்ட டைப் 7 வகையில் இன்று உலகில் முழுசாக மிஞ்சியிருப்பது அங்கே நிற்கும் யு-995 ஒன்றுதான். கீல் நகரிலிருந்து பேருந்தில் போகலாம். கோடையில் படகிலும் போகலாம். படகுதான் நல்லது. கடற்கரை மணலில், கான்கிரீட் தாங்கிகளின் மேல், மூக்கிலிருந்து வால் வரை முழு உடம்பையும் காட்டிக்கொண்டு அது நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம்.

படகின் கதையைத் தெரிந்துகொண்டு போவது அவசியம். ஹாம்பர்க்கின் புளோம் அண்ட் ஃபோஸ் தளத்தில் கட்டப்பட்டு 1943 செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. போர் முடிந்தபோது நார்வேயில் சரணடைந்தது. நார்வேக் கடற்படை அதை எடுத்துக்கொண்டு 'காவுரா' என்று பெயர் மாற்றி அறுபதுகளின் தொடக்கம் வரை ஓட்டியது. பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி, பெயருக்கு ஒரு மார்க் விலையில் கைமாறி, போர்க்காலத் தோற்றத்துக்கு மீட்கப்பட்டு, 1972 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆக, நீங்கள் பார்ப்பது போர்க்காலப் படகும், நார்வேக்காரர்கள் மாற்றியதும், மீட்டவர்கள் திருப்பி அமைத்ததும் சேர்ந்த ஒரு கலவை. உடம்பின் கீழ்ப்பாதியை அதிகம் நம்பலாம். மேலே போகப் போக ஒவ்வொன்றையும் 1940-களின் புகைப்படத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இது 7சி அல்ல, 7சி/41. தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் உள்கூட்டின் தகடு தடிமனானது. அது வெளியே தெரியாது. மூக்கு சுமார் 13 செ.மீ. நீண்டது, 1/72-இல் அது 1.8 மி.மீ. வரும். இதற்காகத் தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு, எனக்குக் கெடவில்லை. ஆனால் கோபுரம் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். யு-995-இன் கோபுரம் போரின் பிற்பகுதியைச் சேர்ந்தது. விமானத் தாக்குதல் மிஞ்சியதால் பின்னால் இரண்டு அடுக்காக மேடை போட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை ஏற்றிய காலம் அது. முன்தளத்தில் இருந்த 88 மி.மீ. பீரங்கியும் 1943 வாக்கில் அட்லான்டிக் படகுகளிலிருந்து கழற்றப்பட்டது. நீங்கள் கட்டுவது 1941-இன் படகு என்றால், பீரங்கியோடு, ஒற்றை மேடைக் கோபுரத்தோடு இருக்க வேண்டும். அதற்கு லாபோவின் மேல்பாதி உதவாது. இழுத்துப் பொருத்தினால் காலம் குழம்பிவிடும்.

சரி, எது உதவும்? வால்பக்கம். மூன்று இதழ் ப்ரொப்பெல்லர்கள் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் தனித்தனியாக இரண்டு சுக்கான்கள், நடுவில் பின்பக்க டார்பிடோக் குழாயின் வாய். வரைபடத்தில் பக்கவாட்டிலும் மேலிருந்தும் காட்டப்பட்ட இந்த இடம் கண்ணுக்குப் பிடிபடவே பிடிபடாது. ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் கைகள் எந்தக் கோணத்தில் உடம்போடு சேருகின்றன, சேரும் இடத்தில் தகடு எப்படி வழவழவென்று வளைந்து இறங்குகிறது என்பதை அதன் கீழே நின்று தலை தூக்கிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். கிட்டில் அந்த மூலை இரண்டு பாகங்களின் ஒட்டுக்கோடாக வரும். புட்டி வைத்துத் தேய்க்கும்போது எதை விட வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்ற சந்தேகம் அதற்கப்புறம் வராது. பக்கவாட்டில் புடைத்து நிற்கும் தொட்டிகளும் அப்படித்தான். மாடலில் அவை ஒட்டவைத்த மாதிரி தெரியும். நிஜத்தில் தொட்டியின் மேல்விளிம்பு உடம்போடு கலந்து மறையும் விதம், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒரு நீண்ட நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் படமெடுங்கள், வளைவு முழுசும் கைக்கு வந்துவிடும்.

மேல்தளத்தின் மீது நடக்க விடமாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. படகுக்கு எதிரிலேயே 1936-இல் கட்டி முடித்த கடற்படை நினைவுக் கோபுரம் நிற்கிறது. அதன் உயரம் 72 மீட்டர். 1/72 கட்டுகிறவர்களுக்கு ராசியான எண்! உச்சிக்கு ஏறி ஜூம் லென்ஸ் வைத்துக் கீழே பார்த்தால் மேல்தளத்தின் மொத்த அமைப்பும் வரைபடம் போல விரிந்து கிடக்கும். மூடிகள், கைப்பிடிகள், பலகை வரிசை, படகுக் கோபுரத்தின் உள்வட்டம் எல்லாம் தெரியும். வேறு நீர்மூழ்கிகளுக்கு இப்படி ஒரு பார்வை கிடைப்பது அரிது. என் தேர்வில் லாபோவை மற்ற ஊர்களுக்கு முன்னால் வைப்பதற்குப் பாதிக் காரணம் அந்த நினைவுக் கோபுரம்தான்.

உள்ளே போகவும் வரவும் வசதியாக உடம்பில் வழி வெட்டியிருக்கிறார்கள். படமெடுக்கும்போது அவற்றைக் குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வீட்டில் உட்கார்ந்து "இங்கே ஒரு கதவா?" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். உள்ளே டீசல் எஞ்சின் அறையும் முன்பக்க டார்பிடோ அறையும் மாடலுக்கு நிறையக் கொடுக்கும். கோடை விடுமுறையில் போனால் உங்கள் முதுகை யாராவது தள்ளிக்கொண்டே இருப்பார்கள். திறந்தவுடன் முதல் ஆளாக நுழைவது நல்லது.

சிகாகோ

டைப் 9சி கட்டுகிறவர்களுக்கு சிகாகோதான் இடம். அங்கே அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கும் யு-505-ஐ 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் கேப்டன் டேனியல் கேலரியின் அமெரிக்கக் கப்பல் குழு உயிரோடு பிடித்தது. 1954-இல் சிகாகோவுக்கு வந்து ஐம்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் வெளியே நின்றது. 2004-இல் நிலத்தடி அரங்குக்குள் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு புதிய காட்சியாகத் திறந்தது. முழு உடம்பையும் சுற்றி வரலாம், அடியிலிருந்தும் பார்க்கலாம். மழை, குளிர், கடற்காற்று எதுவும் கிடையாது. சுற்றிலும் உள்ள கண்காட்சியும் அருமை. சாதாரணப் பார்வையாளருக்கு லாபோவைவிட இதுதான் நிறைவான அனுபவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாடல்காரருக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் வெளிச்சம். நாடக மேடை போல ஒளியமைத்திருக்கிறார்கள். பிரமிப்பாக இருக்கும், ஆனால் வளைவுகள் இருட்டுக்குள் போய்விடும். நிறத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐஎஸ்ஓவை உயர்த்தி, ஒரே இடத்தை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து, வீட்டில் வந்து நிழலைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே போகத் தனிச் சீட்டு. வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். ஒரு வால்வின் முன் நின்று யோசிப்பதற்குள் கூட்டம் அடுத்த அறைக்குப் போய்விடும்.

டைப் 9-இன் உடம்பு அமைப்பே வேறு. டைப் 7-இல் பக்கத்தில் புடைத்த தொட்டிகள் என்றால், இதில் உள்கூட்டை வெளிக்கூடு சுற்றிப் போர்த்தியிருக்கிறது; மேல்தளம் அகலம். முன்னால் நான்கு குழாய், பின்னால் இரண்டு. அதனால் 7சி கட்டுகிறவர் சிகாகோவில் எடுத்த படங்களை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைப்பது சரிவராது. கைப்பிடி, மூடி, பெரிஸ்கோப் போன்ற துணுக்குகளுக்கு வேண்டுமானால் ஓரளவு பயன்படும்.

நம் ஆட்கள் சிலருக்கு யு-180 மேல் ஒரு கண் உண்டு. 1943 பிப்ரவரியில் கீலிலிருந்து நேதாஜி ஏறிப்போன படகு அது. ஏப்ரலில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானின் ஐ-29-க்கு மாறினார். அதை 1/72-இல் கட்டலாமே, சிகாகோ படகும் டைப் 9-தானே என்று கேட்பார்கள். யு-180 டைப் 9டி1. நீளம் 87.6 மீட்டர், யு-505 76.8 மீட்டர். மாடலில் 15 செ.மீ. வித்தியாசம். நடுவில் அறுத்து நீட்டிக் கட்டும் துணிச்சல் இருந்தால் சிகாகோ போய் மூக்கையும் வாலையும் பார்த்துவிட்டு வரலாம்.

அமெரிக்கப் படகுகள்: கட்டுதளத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டோ கிட் வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். வாய்ப்புகள் அவ்வளவு இருக்கின்றன. குழப்பமும் அங்கேதான்.

கேட்டோவும் அதற்கு அடுத்து வந்த பலாவும் வெளியே பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. பலாவின் உள்கூட்டுத் தகடு தடிமன். கேட்டோ 300 அடி ஆழத்துக்குச் சோதிக்கப்பட்டது, பலாவ் 400 அடிக்கு. அதனால் கேட்டோ மாடலுக்கு பலாவ் படகைப் பார்ப்பதில் தப்பில்லை. வகுப்பைவிட முக்கியமானது கட்டுதளம். எலக்ட்ரிக் போட் நிறுவனம் ஒரு வரைபடத் தொகுப்பில் கட்டியது. மேனிடோவாக் தளமும் அதையே பின்பற்றியது. போர்ட்ஸ்மவுத், மேர் ஐலண்ட் ஆகிய கடற்படைத் தளங்கள் அரசின் தனி வரைபடத்தில் கட்டின. இரண்டு குடும்பத்துக்கும் உடம்பின் பக்கத்தில் தண்ணீர் வடியும் துளைகளின் வரிசை வேறு வேறு. 1.3 மீட்டர் நீள மாடலில் முதலில் கண்ணை இழுப்பது அந்தத் துளைகள்தான். மாடலில் ஒட்டும் டீக்கால் தாளில் இருக்கும் பெயருக்கும் துளை வரிசைக்கும் பொருந்தாவிட்டால் விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அருங்காட்சியகமாக இருக்கும் படகுகளில் கிளீவ்லண்டின் காட், மேனிடோவாக்கின் கோபியா இரண்டும் எலக்ட்ரிக் போட் குடும்பம். மோபிலின் டிரம், சான் ஃபிரான்சிஸ்கோவின் பம்பனிட்டோ, பேர்ல் ஹார்பரின் போஃபின் மூன்றும் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவை. மஸ்கீகனின் சில்வர்சைட்ஸ் மேர் ஐலண்ட். உங்கள் மாடலின் பெயர் எந்தக் குடும்பம் என்று பார்த்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காட். 1943 ஜூனில் பணியில் சேர்ந்து, ஏழு போர்ச்சுற்று போய்வந்த படகு. பார்வையாளருக்காக உடம்பில் கதவோ படிக்கட்டோ வெட்டவில்லை. மாலுமிகள் ஏறி இறங்கிய அதே செங்குத்து ஏணியில், அதே வட்டத் துளை வழியாகத்தான் நீங்களும் இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களும் பெரிய கேமராப் பை கொண்டுபோகிறவர்களும் இரண்டு முறை யோசிக்கவும். ஆனால் உள்ளே இறங்கிவிட்டால், இந்தக் கதவு அப்போது இருந்ததா என்ற கேள்வியே எழாது. உள்பக்கம் கட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது லாபோ போய்வந்தவர்களுக்குத் தெரியும். படகு ஏரியில் மிதக்கிறது, அதனால் கீழ்ப்பாதி கிடைக்காது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கீழ்ப்பாதி வேண்டுமென்றால் அலபாமா மாநிலத்தின் மோபில். அங்கே டிரம் 2001 முதல் தரையில் நிற்கிறது. 1941 நவம்பரில் பணியில் சேர்ந்த மூத்த படகு. ப்ரொப்பெல்லர், சுக்கான், அடிவயிறு எல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். பக்கத்திலேயே அலபாமா போர்க்கப்பல் இருப்பதால் ஒரு நாளுக்கு வேலை நிறைய. ஊர் மட்டும் வழியில் இல்லை. வேறெதற்கும் அந்தப் பக்கம் போகிற வேலை நம்மில் பலருக்கு வராது.

நடைமுறையில் நம் வாசகர்களில் அதிகம் பேருக்குக் கைக்கெட்டும் படகு பம்பனிட்டோதான். கலிஃபோர்னியாவில் தம்பியோ மகளோ இல்லாத தமிழ்க் குடும்பம் குறைந்துகொண்டே வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில், சுற்றுலாக் கூட்டத்தின் நடுவிலேயே மிதக்கிறது. 1945 கோடையின் தோற்றத்துக்கு மீட்டு, அதே நிலையில் அக்கறையாக வைத்திருக்கிறார்கள். மேல்தளம், கோபுரம், துப்பாக்கிகள், பெரிஸ்கோப் தாங்கிகள் இவற்றுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம். மாடலைக் கடல்நீர் டையோராமாவில், அதாவது செய்த கடல் காட்சியில், வைக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே எதுவும் தெரியாது என்றால், பம்பனிட்டோ ஒன்றே போதும். மோபில் வரை அலைய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் நீர்மூழ்கி அருங்காட்சியகம் என்று பார்த்தவுடன் ஓடாதீர்கள். ஃபிலடெல்ஃபியாவின் பெகுனா போர்க்காலத்தில் கட்டியதுதான். ஆனால் போருக்குப் பிறகு 'கப்பி' திட்டத்தில் கோபுரத்தையே மாற்றி, பீரங்கியைக் கழற்றி, வழவழப்பாக்கிவிட்டார்கள். 1944-இன் மாடலுக்கு அது ஆகாது. ஹாம்பர்க்கில் யு-434 என்று எழுதி நிற்கிற படகோ எழுபதுகளின் சோவியத் நீர்மூழ்கி. போர்க்கால யு-434 1941 டிசம்பரிலேயே மூழ்கிவிட்டது. லாபோ போகிற வழியில் ஹாம்பர்க்கில் இறங்கி அதையும் பார்க்கலாம், ரசிக்கலாம், மாடலுக்கு என்று மட்டும் படமெடுக்க வேண்டாம்.

குறுகிய தேவைகள்

டைப் 21 கட்டுகிறவர்களுக்கு பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் 'வில்ஹெல்ம் பாவர்' இருக்கிறது. பழைய பெயர் யு-2540. 1945 மே மாதம் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். 1957-இல் தூக்கியெடுத்து, 1960 முதல் சோதனைப் படகாக ஓட்டினார்கள். அதனால் உள்பக்கத்தை ரெவெல்லின் 1/144 உள்ளமைப்புக் கிட்டோடு அப்படியே ஒத்துப்பார்க்க முடியாது. கோபுரத்தைப் போர்க்கால வடிவத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். மிதக்கும் படகு. இதற்காக மட்டும் போவது வீண். லாபோவோடு சேர்த்து ஒரு நாள் ஒதுக்கலாம்.

டைப் 2 கட்டுகிற அபூர்வ மனிதராக இருந்தால் ஹெல்சிங்கி. சுவோமென்லின்னா தீவில் கரையில் நிற்கும் வெசிக்கோ, 1933-இல் துர்க்குவில் கட்டப்பட்டது. ஜெர்மனி தன் சிறிய கடற்கரைப் படகுகளுக்கு அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டது. டைப் 2-க்கு அதைவிட நெருங்கிய சொந்தம் கரையில் எங்கும் இல்லை. கோடையில் மட்டும் திறப்பார்கள்.

விசாகப்பட்டினம்

கையில் அவ்வளவு பணமோ விடுப்போ இல்லை என்றால்? சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் ஐஎன்எஸ் குர்சுரா. 1969 டிசம்பரில் பணியில் சேர்ந்து 1971 போரில் ரோந்து போன, ஃபாக்ஸ்ட்ராட் என்ற சோவியத் வகைப் படகு. 2001-இல் ஓய்வு பெற்று, 2002 முதல் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கிறது. நீளம் 91.3 மீட்டர், மூன்று ப்ரொப்பெல்லர், முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று பத்து டார்பிடோக் குழாய். முழு உடம்பும் தரையில் இருக்கிறது. அதே கடலில்தான் 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது. அது அமெரிக்காவின் 'டையாப்லோ' என்ற பெயரில் கட்டப்பட்ட டென்ச் வகைப் படகு, கேட்டோவுக்கும் பலாவுக்கும் தம்பி.

குர்சுராவை வைத்து 7சி-யையோ கேட்டோவையோ கட்ட முடியாது. ஆனால் கண்ணைப் பழக்க அதைவிட மலிவான இடம் கிடையாது. மெல்லிய வெளித்தகடு சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு குழிகிறது, வெல்டிங் கோடு எட்டடி தூரத்தில் தெரிகிறதா இல்லையா, துளையின் விளிம்பில் தகடு எவ்வளவு மெலிசு என்பதெல்லாம் எல்லா நீர்மூழ்கிக்கும் பொதுவான பாடம். கிட்டின் பிளாஸ்டிக் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 1/72-இல் அது 10.8 செ.மீ. இரும்புக்குச் சமம். குர்சுராவின் துளை ஓரத்தைப் பார்த்தவர் வீட்டுக்கு வந்தவுடன் உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்காமல் இருக்க மாட்டார். லாபோ போகத் திட்டமிட்டிருப்பவர்கள்கூட அதற்கு முன் விசாகப்பட்டினத்தில் ஒரு காலைப் பொழுது படமெடுத்துப் பழகுவது நல்லது. அங்கே திரும்பப் போவது சுலபம், ஜெர்மனிக்கு அப்படி இல்லை.

போகாமலே கட்டலாமா?

தாராளமாக. அமெரிக்கப் படகுகளுக்கு 1946-இல் கடற்படையே வெளியிட்ட பயிற்சிக் கையேடுகள், வரைபடங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; பம்பனிட்டோவைப் பராமரிக்கும் சங்கம்தான் ஏற்றி வைத்திருக்கிறது. உள்ளமைப்பில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு நேரில் பார்ப்பதைவிடக் கையேடே மேல். நேரில் போவதால் கிடைப்பது வடிவத்தின் புரிதலும் நுணுக்கங்களின் பருமனும். நிறம் கிடைக்காது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போய்வந்தவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். அருங்காட்சியகங்கள் பல முறை வண்ணம் பூசியவை. கையில் கிடைத்த, நீடித்து உழைக்கிற பெயின்டைப் பூசுவார்கள். ஜெர்மன் படகுகளின் வெளிர்சாம்பலுக்கும் அடிப்பக்கக் கரும்சாம்பலுக்கும் தனி எண்கள் இருக்கின்றன. அமெரிக்கப் படகுகளின் கறுப்புக்கும், 1944 வாக்கில் வந்த சாம்பல் கலந்த திட்டங்களுக்கும் ஆவணங்கள் இருக்கின்றன. பெயின்ட் பாட்டிலை அவற்றை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

துருவும் அப்படித்தான். ஐம்பது வருடம் கரையில் நின்ற படகில் மழைநீர் ஒரே வழியில் வடிந்து வடிந்து நீளக் கோடுகள் விழுந்திருக்கும். போரில் ஓடிய படகின் கதை வேறு: அலை அடித்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கும், நீர்மட்டத்தில் பாசி பச்சையாகப் படிந்திருக்கும், மரத்தளம் உப்பில் வெளுத்திருக்கும், துறைமுகம் வந்தவுடன் மறுபடி பூசிவிடுவார்கள். வெதரிங்குக்கு, அதாவது மாடலுக்கு வெயில் மழை பட்ட தோற்றம் தருவதற்கு, பார்க்க வேண்டியது ரோந்து முடிந்து திரும்பும் படகுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களை.

எந்த ஊர் போனாலும் படமெடுக்கும் முறை ஒன்றுதான். வெளியே செல்போனின் அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள், வளைவெல்லாம் பொய்யாகிவிடும். தள்ளி நின்று சாதாரண லென்ஸில், உடம்புக்கு நேர் எதிரே, மூன்று அடிக்கு ஒரு படமாக மூக்கிலிருந்து வால்வரை எடுத்துக்கொண்டே நடங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததோடு பாதிக்குப் பாதி ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். பின்னால் முப்பரிமாண மென்பொருளில் போட்டால் வடிவமே கிடைத்துவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று பட்டை அடித்த அட்டைக் குச்சி ஒன்று பையில் இருக்கட்டும். தொட அனுமதி உள்ள இடங்களில் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு சந்தேகம் வராது. மேகமூட்டமான நாள் துணுக்குகளுக்கு நல்லது, சாய்வான வெயில் வளைவுகளுக்கு. உள்ளே மட்டும் அகலக் கோணம் இல்லாமல் முடியாது. போகும் முன் உங்கள் கிட்டின் செய்முறைத் தாளை நகலெடுத்து, சந்தேகமான பாகங்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள். அந்த வட்டங்கள் தீரும்வரை நினைவுப் பொருள் கடைப் பக்கம் திரும்ப வேண்டாம். அங்கே அதே கிட்டை இரண்டு மடங்கு விலைக்கு வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.